காய் நறுக்க ஓர் ஆள்

பண்ருட்டிப் பக்கம் ஒரு சன்மார்க்க சபை. மத்தியானத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அங்கே சோறு உண்டு. அதை நடத்தி வந்தவர் உமையாள் அம்மா. வயதில் தன்னைவிட இளையவர் என்றாலும் தேவநாதன் அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

தேவநாதன் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் பாடம் நடத்திய கல்லூரியில் அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். அதன்பிறகு மனைவியின் தையல் மெஷின்தான் வீட்டை ஓட்டியது.

ஒரு நாள் காலையில் வாடிய முகத்தோடு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"செடி விக்கிற நர்சரியிலயும் இல்லேன்னுட்டாங்கம்மா. 'உங்களை எப்படி சார் நாங்க வேலை வாங்குறது'ன்னு சொல்லி, டீ கொடுத்து அனுப்பிட்டாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"உரக்கடை. அதுக்கும் முன்னாடி ஒரு ஸ்கூல். எல்லாரும் மரியாதையாத்தான் பேசுறாங்க. வேலைதான் தர மாட்டேங்கிறாங்க." கொஞ்சம் தயங்கினார். "நாளைக்கு இன்னொரு இடம். ப்ளஸ் டூ வரைக்கும்தான் படிச்சேன்னு சொல்லிடலாமான்னு பார்க்கிறேன். படிச்சதை மறைக்கிறது தப்பாம்மா?"

அம்மா எழுந்தார்.

"சமையல்கட்டுக்கு ஆள் கேட்டிருந்தோம் ஐயா. ஒருத்தங்க வந்து காத்திருக்காங்க. காய் நறுக்கணும், இலை போடணும், பரிமாறணும். நீங்களே பேசி முடிவு பண்ணிடுங்க. நான் உலையைப் பார்க்கிறேன்."

வந்தவர் பெயர் தவமணி. அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அதைக் கேட்டதுமே தேவநாதன் எழுந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இது காய் நறுக்குற வேலைம்மா. உங்களுக்குக் கீழ எத்தனை பேர் வேலை பார்த்திருப்பாங்க!"

"பார்த்தாங்க சார்."

"உங்களைப் போய் எச்சில் இலை எடுக்கச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. உங்களுக்கும் சீக்கிரம் சலிச்சுடும். தப்பா நினைச்சுக்காதீங்க."

தவமணி கும்பிட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தேவநாதன் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நடை அவருக்குத் தெரிந்த நடை. நர்சரியிலிருந்து அவரும் அப்படித்தான் வெளியே வந்தார். இப்போது செருப்புகூடப் போடாமல் தவமணியின் பின்னால் ஓடினார்.

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க எதுக்காக இந்த வேலைக்கு வந்தீங்க?"

தவமணி கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில ஒருத்தர் தேறி எழுந்திரிக்க நாளாகும் சார். சிலபேர் எழுந்திரிக்கிறதே இல்ல. ஒரு தடவை இந்தப் பக்கம் வந்தப்ப சபையில சாப்பிட்டேன். பந்தியில உட்காரும்போது ஒரு முகம், எழுந்திரிக்கும்போது வேற முகம். அதைத் தினமும் கிட்ட இருந்து பார்க்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

தேவநாதன் அவருடைய பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கொஞ்ச நேரத்தில் தவமணி அரிவாள்மணையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தேவநாதன் அருகில் போய் நின்றார்.

"நான் முதல்ல அவங்களைத் திருப்பி அனுப்பிட்டேம்மா. மரியாதைன்னு நினைச்சுத்தான்..."

"தெரியும் ஐயா."

"ஏன் வந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"உங்களை யாராவது கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேட்கல."

அம்மா களைந்த தண்ணீரை வடித்தார்.

"நாளைக்கு எங்க போறீங்க?"

"ஒரு ஹாஸ்டல். பிள்ளைங்களைக் கூட வச்சுக்கிட்டுக் காய்கறித் தோட்டம் போட ஆள் வேணுமாம்."

"அந்த வேலை உங்களுக்கு எதுக்காக?"

"குடும்பம் இருக்கேம்மா."

"அதுக்கு எந்த வேலையும் போதும் ஐயா. இந்த வேலை எதுக்காக?"

"படிச்சதை மறைச்சுட்டா இதுக்குப் பதில் சொல்ல முடியாதேம்மா," என்றார் தேவநாதன். அம்மா அரிசியை உலையில் போட்டுவிட்டு, அந்தப் பதிலை அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.