அவுரி ஏன் அசையாமல் இருந்தது?

மலையடிவாரக் காட்டில், நாவல் மரங்கள் சூழ்ந்த ஒரு குட்டை இருந்தது. அதன் கரையில் கம்பளியான் என்றொரு கரடி வாழ்ந்து வந்தது. பெயருக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற வாடை. அது தண்ணீர் குடிக்க வந்தால் மான்கள் நகர்ந்துவிடும். கொக்குகள்கூட வேறு வேலை ஞாபகம் வந்ததுபோல் எழுந்து போய்விடும்.

கம்பளியானுக்கு ஒரே ஓர் ஏக்கம். குட்டியாக இருந்தபோது அது தன் அம்மாவின் முதுகில் ஏறியே காடெல்லாம் சுற்றியது. கரடிக் குட்டிகளுக்கு அதுதான் தொட்டில். வளர்ந்ததும் அம்மா ஒரு மலைக்கும் மகன் ஒரு மலைக்கும் பிரிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து கம்பளியான் யார் மேலும் சாய்ந்ததில்லை. அதன் மேலும் யாரும் உட்கார்ந்ததில்லை. உண்ணிகளைச் சேர்க்கக் கூடாது, அவை பாசத்தால் உட்காருவதில்லை. ஓர் உயிர் தன்னை நம்பிக் கொஞ்ச நேரம் தன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அதற்கு அவ்வளவு ஆசை.

ஒரு நாள் காலை, மலைப்பாதை வளைவில் பறவை விற்கிறவர் ஒருவரின் வண்டி சாய்ந்தது. கூண்டின் கதவு திறந்துகொண்டது. அவர் வண்டியை நிமிர்த்துவதற்குள் இரண்டு குஞ்சுகள் காட்டுக்குள் பறந்துவிட்டன. லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் கடையில் எடுத்துக் காட்டுவார்களே, அந்தக் குட்டிக் கிளிகள்தான். பச்சையாக இருந்தது பாசி. நீலமாக இருந்தது அதன் தம்பி அவுரி. இரண்டுக்கும் நெற்றிக் கோடுகள் இன்னும் மூக்குவரை இறங்கியிருந்தன. அவ்வளவு சின்னக் குஞ்சுகள்.

அவுரி பெரிய வாயாடி.

"அக்கா, இந்தக் கூண்டுல கம்பியே இல்ல. எதப் பிடிச்சுத் தொங்குறது?"

"இது கூண்டு இல்லடா, காடு."

"அப்ப தண்ணிக் கிண்ணம்?"

"அதோ, கீழ பாரு."

"அம்மாடி! இவ்வளவு பெரிய கிண்ணத்த யாரு கழுவுவா?"

நாவல் மரத்தடியில் படுத்திருந்த கம்பளியான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்தக் குரல் அதற்கு அவ்வளவு பிடித்துவிட்டது. இந்த நீலக் குஞ்சு என் கையில் உட்கார்ந்து இப்படியே பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தது. நினைத்த மாத்திரத்தில் எழுந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கியது.

"வாங்க, வாங்க! வந்து என் கையில உக்காருங்க!"

கரடி எழுந்து நின்றால் எப்படி இருக்கும் என்று கரடிக்குத் தெரியாது, பாவம். குஞ்சுகளுக்குத் தெரிந்தது. இரண்டும் மர உச்சிக்குப் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

மறுநாள் கம்பளியான் தேனடை கொண்டுவந்தது. தேனோடு தேனீக்களும் வந்தன. குஞ்சுகள் இன்னும் மேலே போயின. அதற்கடுத்த நாள் அது யோசித்தது. குஞ்சுகள் புல் விதையைக் கொறிப்பதைப் பார்த்திருந்ததால், அடிவாரத்துத் தினைக் கொல்லைக்குப் போய் ஒரு கதிரை ஒடித்து வந்தது. தாழ்ந்த கிளையில் அதைச் செருகிவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து முதலில் பாசி இறங்கி வந்தது. பிறகு அவுரி.

இப்படி எட்டு நாள் போனது. கம்பளியான் நாளுக்கு ஓர் அடி நெருங்கி உட்கார்ந்தது. ஒன்பதாம் நாள் கதிரைக் கிளையில் செருகாமல் தன் உள்ளங்கையில் வைத்துக் கிளைக்குப் பக்கத்தில் நீட்டியது. பாசி ஒதுங்கிக்கொண்டது. அவுரிக்குத் தினை ஆசை விடவில்லை. கிளையின் நுனிவரை வந்து எட்டி எட்டிக் கொத்தியது.

இதையெல்லாம் கரையான் புற்றருகே இருந்து ஒரு கீரி பார்த்துக்கொண்டிருந்தது. மரம் ஏறிப் பறவை பிடிக்க அதனால் முடியாது. ஆனால் அதற்கு மூளை உண்டு. அது நைசாகக் கரடியிடம் வந்தது.

"என்ன மாப்ளே, கை வலிக்கலையா?"

"வலிக்குது. பரவாயில்ல."

"இப்படி நீட்டிக்கிட்டே இருந்தா உனக்கு வயசாகிப் போயிடும். நாளைக்கு அந்த நீலக் குஞ்சு வரும்போது கைய இன்னும் கிட்ட கொண்டு போ. அது பறந்துட்டா, இன்னும் பழகலன்னு அர்த்தம். அசையாம உக்காந்திருந்தா பழகிடுச்சுன்னு அர்த்தம். அப்ப மெல்ல விரல மூடிப் பிடிச்சிரு. ஒரு தடவ கைச்சூடு பட்டுட்டா அப்புறம் உன்ன விட்டு எங்கயும் போகாது."

"நிஜமாவா?"

"எனக்கு இதுல என்ன லாபம்? உன் முகத்தப் பாக்கவே பாவமா இருக்கு."

அந்தக் கடைசிச் சொல்லில் கம்பளியான் உருகிவிட்டது. தன் முகத்தைப் பார்த்து அதுவரை யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

மறுநாள் கம்பளியான் கையை நீட்டியது. அவுரி நுனிக்கு வந்தது. கரடி கையை இன்னும் கிட்டே கொண்டுபோனது. அவுரி பறக்கவில்லை. இன்னும் கிட்டே. இப்போதும் பறக்கவில்லை. சிறகுகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண் இமைக்காமல் குச்சி மாதிரி நின்றது. பேச்சும் நின்றுபோயிருந்தது. பார்த்தாயா, என்னைக் கண்டு பயப்படவில்லை என்று கம்பளியானுக்குக் கண் கலங்கியது. அது மெல்ல, மிக மெல்ல விரல்களை மூடியது.

"கீய்ய்ச்!"

அப்படி ஓர் அலறலைக் காடு கேட்டதில்லை. அவுரி திமிறியது, கடித்தது, நக இடுக்கில் புகுந்து வெளியே விழுந்தது. அதன் வால் இறகுகள் கரடியின் கையோடு வந்துவிட்டன. வால் இல்லாமல் அவுரியால் நேராகப் பறக்க முடியவில்லை. கோணலாகச் சுற்றிப் புல்லில் விழுந்தது. அதற்காகவே காத்திருந்த கீரி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது.

கம்பளியான் இடையில் விழுந்து மறித்தது. அவுரி தத்தித் தத்தி இலந்தைப் புதருக்குள் புகுந்து, முள்ளுக்கு நடுவே ஏறிக்கொண்டது.

"துரோகி!" என்று உறுமியது கம்பளியான். "இதுக்குத்தான் எனக்கு யோசனை சொன்னியா?"

கீரி எட்டத்தில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டது. "நீ மட்டும் என்ன யோக்கியம், மாப்ளே? நான் பசிக்குப் பிடிக்கப் பாத்தேன், நீ ஆசைக்குப் பிடிச்ச. அது அலறுனது உன் கையில."

சொல்லிவிட்டு ஓடிவிட்டது. கம்பளியானுக்குத் துரத்தத் தோன்றவில்லை.

மேலே கிளையிலிருந்து பாசி கத்தியது. "ஏன் அவனப் பிடிச்ச?"

"அவன் பறக்கலையே. என்னை நம்பிட்டான்னு நெனச்சேன்."

"நம்பி நிக்கல! பயந்து போயிட்டான். ரொம்பப் பயந்தா எங்களுக்கு ரெக்கையே அசையாது. அதுகூடத் தெரியாதா உனக்கு?"

தெரியாது. உண்மையிலேயே அதற்குத் தெரியாது. உள்ளங்கையில் நீல இறகுகள் கிடந்தன. அவ்வளவு நாள் ஏங்கியதற்கு இதுதானா கிடைத்தது என்று அது தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு கம்பளியான் கை நீட்டவில்லை. தினமும் காலையில் புதருக்கு வெளியே கதிரை வைத்துவிட்டு, கீரி வராமல் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தது. எழுந்திருக்கும் முன் "எந்திரிக்கப் போறேன்" என்று சொல்லும். திரும்பும் முன் "திரும்பப் போறேன்" என்று சொல்லும். தும்மல் வந்தால்கூட "தும்மல் வருது, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தும்மியது. குட்டைக்கு வந்த மான்கள் கரடிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டன.

அவுரியின் பேச்சு மட்டும் திரும்பவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கம்பளியானுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று பலமுறை நினைத்தது. போகவில்லை.

உட்கார்ந்து உட்கார்ந்து அது குஞ்சுகளைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது. பயந்தால் இறகு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மனம் லேசானால் பஞ்சு மாதிரி உப்பும். பயந்திருக்கும்போது இரண்டு கால்களும் கிளையை இறுகப் பிடித்திருக்கும். நிம்மதியாக இருந்தால் ஒரு காலை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு, அலகை நறநறவென்று அரைக்கும். பாசியின் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் அவுரி அப்படி அரைத்தது. கரடி திரும்பினால் அந்தச் சத்தம் நின்றுவிடும்.

மழை ஒரு தடவை பெய்து ஓய்ந்தது. அவுரிக்குப் புது வால் பாதி முளைத்து, இருவரும் பழையபடி நாவல் மரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரு நாள் காலை கம்பளியான் மடிமேல் கையை விரித்து, அதில் கதிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பாசி இறங்கி வந்தது. தரையில் கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு தாவி, கரடியின் திறந்த கைமேல் ஏறியது.

ஒரு கைப்பிடி நாவல் பழ எடைகூட இல்லை. ஆனாலும் கம்பளியானுக்கு உடம்பெல்லாம் அதிர்ந்தது. விரல்கள் தாமாகவே மூடத் துடித்தன. அது பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றை விரித்தே வைத்திருந்தது.

"கை நடுங்குதே," என்றது பாசி.

"கொஞ்சம் பழக்கமில்ல."

பாசி நாலு தினையைக் கொறித்தது. கம்பளியான் தயங்கித் தயங்கிக் கேட்டது. "தம்பி வரமாட்டானா?"

"கூப்பிட்டுப் பாத்தேன், கரடியண்ணே. அவனுக்கு உன் விரல் இன்னும் மறக்கல."

"எப்ப மறக்கும்?"

"அது அவனுக்கே தெரியாது."

"சரி," என்றது கம்பளியான். "அவசரம் இல்லன்னு சொல்லு."

அவுரி இரண்டு கிளைக்கு மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பளியான் "தலைய நிமித்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு மெல்ல நிமிர்ந்தது. இருவர் கண்களும் சந்தித்தன. கரடி அசையவில்லை, அவுரியும் அசையவில்லை. இறங்கி வரவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கரடியைப் பார்த்தபடியே, அவுரி இறகை உப்பிக்கொண்டது. ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டது. நறநறவென்று அலகை அரைக்கத் தொடங்கியது.

பயந்து அசையாமல் இருப்பது வேறு, நம்பி அசையாமல் இருப்பது வேறு. அந்த வித்தியாசம் தெரியும்வரை எந்த உயிரையும் தொட ஆசைப்படக் கூடாது.