ஒரே தொட்டியில் விழுந்த மூன்று பீப்பாய்கள்

கூடி உட்காருங்கள், சின்னவர்களே, பெரியவர்களே. மலைக்கு மேல் பனி, பனிக்கு மேல் வானம் என்று கிடக்கும் வடதிசையில், வெகு காலத்துக்கு முன்பு சாய்மலை என்று ஒரு சின்னஞ்சிறு நாடு இருந்தது.

எவ்வளவு சின்னது என்கிறீர்களா? ஒரு கோடியில் ஒருவர் தும்மினால் மறுகோடியில் இருப்பவர் "நூறு வயசு!" என்பார். எவ்வளவு செங்குத்து என்கிறீர்களா? அங்கே கோழி முட்டையிட்டால், அதை அவித்துத் தின்பவன் பக்கத்து நாட்டுக்காரன். பூசணி யாரும் போடுவதில்லை. காம்பு அறுந்த நிமிஷமே அது கீழ்நாட்டுக்குக் குடிபோய்விடும்.

அந்தச் சரிவில் நின்று பிடித்தது திராட்சைக்கொடி ஒன்றுதான். கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, சுவருக்கு மேல் மண் கொட்டி, அதில் கொடி வளர்த்தார்கள். இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டே குலை பறித்தார்கள். பறித்ததைப் பிழிந்து, பீப்பாயில் நுரைக்கவிட்டு, தெளிந்ததும் தேறல் என்று பெயர் வைத்தார்கள். கிடைத்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு மலையே காத்திருந்தது.

சாய்மலையில் மூன்று சரிவுகள். மூன்று சரிவுக்கும் மூன்று பேர்.

கிழக்குச் சரிவு பூதனுடையது. அவன் தேறல் வெளுத்த பொன் நிறம்; ஒரு மடக்குக் குடித்தால் புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். நடுச்சரிவு சேந்தனுடையது. அவன் தேறல் கருஞ்சிவப்பு. நல்ல துவர்ப்பு, மழையில் நனைந்த பாறையின் வாசனை. மேற்குச் சரிவு எயினியுடையது. முதல் பனி விழும்வரை அவள் குலையைப் பறிக்கமாட்டாள். அதனால் அவள் தேறல் தேனாய் இனிக்கும்.

மூவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது.

"பூதன் தேறலா? அது ஊறுகாய் போடத்தான் ஆகும்" என்பான் சேந்தன்.

"சேந்தன் தேறலா? அது தோல் பதப்படுத்தத்தான் ஆகும்" என்பாள் எயினி.

"எயினி தேறலா? அது ஈ பிடிக்கத்தான் ஆகும்" என்பான் பூதன்.

அந்த மலைக்குக் கீழே இருந்த சமவெளியை மேதினிராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆள் பெரிது, சிரிப்பு பெரிது, ஆசை எல்லாவற்றிலும் பெரிது. அவருக்குத் திடீரென்று கல்கோட்டை கட்ட ஆசை வந்துவிட்டது. கல் எங்கே இருக்கிறது? சாய்மலையில் இருக்கிறது. "உடைத்துக் கொண்டுவாருங்கள்!" என்றார்.

மலை மக்கள் ஓடிப்போய் அவர் காலில் விழுந்தார்கள்.

"எங்க கொடியெல்லாம் அந்தக் கல்லுல நிக்குது மகாராஜா!"

ராஜா தாடியைத் தடவினார். "சரி. அறுவடைத் திருநாளுக்குக் கல்தச்சர்களோடு அடிவாரத்துக்கு வருகிறேன். ஒரு மலைக்கு ஈடாக ஒரு தேறல் கொடுங்கள் பார்ப்போம். யார் கொடுத்தது என்னை மயக்குகிறதோ, அவர் சரிவு பிழைக்கும். மற்றவற்றில் உளி விழும்."

திருநாள் வந்தது. மூவரும் ஆளுக்கொரு பீப்பாயைச் சறுக்குவண்டியில் ஏற்றி, வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் மெல்ல இறக்கினார்கள். நடுவழியில், நிற்க இடமிருந்த ஒரே வளைவில் வண்டிகளை நிறுத்தி, சறுக்கிவிடாதபடி ஒவ்வொன்றுக்கும் முன்னால் மர ஆப்பு அடித்துவிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ன உட்கார்ந்தார்கள்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்தான் பூதன். போகிற போக்கில் சேந்தன் வண்டியின் ஆப்பைப் பாதி உருவிவிட்டான்.

"செருப்புல கல்லு" என்று எழுந்தான் சேந்தன். எயினி வண்டியின் ஆப்பைப் பாதி உருவிவிட்டான்.

"முக்காடு பறந்துபோச்சு" என்று எழுந்தாள் எயினி. பூதன் வண்டியின் ஆப்பைப் பாதி உருவிவிட்டாள்.

பிறகு மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு மரியாதையை அந்த மலை அதுவரை பார்த்ததில்லை.

"இன்னொரு துண்டு எடுத்துக்கோங்க பூதண்ணே."

"நீ சாப்பிடும்மா எயினி, இளைச்சுப்போயிட்டே."

"சேந்தா, ஏன்டா தள்ளி உக்காந்திருக்கே? இப்படி நிழலுக்கு வா."

கிறீச்.

மூவரும் புன்னகைத்தார்கள். கிறீச், கிறீச். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வண்டிகளும் கிளம்பிவிட்டிருந்தன!

"ஐயோ, என்னோடது!" என்று மூன்று குரல் ஒன்றாக எழுந்தது.

அடுத்த வளைவில் வண்டிகள் கவிழ்ந்தன. பீப்பாய்கள் துள்ளி உருண்டன. பின்னால் ஓடிய மூவரும் முதலில் காலால் ஓடினார்கள், பிறகு கையால் தவழ்ந்தார்கள், கடைசியில் உட்கார்ந்தபடியே சறுக்கினார்கள்.

பீப்பாய்கள் ஓர் ஆட்டு மந்தைக்குள் புகுந்தன. ஆடுகள் மரத்தில் ஏறின. துணி துவைக்கும் துறைக்குள் புகுந்தன. ஊர்த்தலைவரின் வேட்டி ஒரு பீப்பாயைச் சுற்றிக்கொண்டு கூடவே போனது. ஒரு கல்யாண ஊர்வலத்துக்குள் புகுந்தன. பயந்துபோன மாப்பிள்ளை மணப்பெண்ணின் தோளில் தாவி ஏறிக்கொண்டார். அவளுக்கு அது பிடித்துப்போனது, இறக்கிவிடவே இல்லை. ஆடு, வண்ணார், கல்யாணக் கூட்டம், மேளக்காரர் என்று எல்லோரும் பீப்பாய்களின் பின்னால் ஓடினார்கள்.

அடிவாரத்தில் ராஜாவின் குதிரைகளுக்காக ஒரு பெரிய கல்தொட்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை. பொன் தேறல் வந்தது, தடால்! சிவப்புத் தேறல் வந்தது, தடால்! தேன் தேறல் வேட்டியோடு வந்தது, தடால்! பலகை ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம் பறக்க, தொட்டி நிரம்பி நுரைத்தது.

தாகத்தில் இருந்த குதிரைகள் யாரையும் கேட்கவில்லை, குடித்தன. வெள்ளைக் குதிரை பல்லைக் காட்டிச் சிரித்தது. கறுப்புக் குதிரை மேளத்துக்குக் கால் மாற்றி ஆடியது. ராஜாவின் பட்டத்துக் குதிரை மந்திரியின் தோளில் தலை சாய்த்துக் கண்ணீர் விட்டது.

ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு கிண்ணத்தில் மொண்டு குடித்தார். சிரிப்பு நின்றது. இரண்டாவது கிண்ணம் குடித்தார். கிரீடத்தைக் கழற்றி வைத்தார். மூன்றாவது கிண்ணம் குடித்தார். பக்கத்தில் நின்ற தலைமைத் தச்சரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று ஆடிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, புழுதியும் கிழிசலுமாக மூவரும் வந்து சேர்ந்தார்கள்.

"இது யாருடைய தேறல்?" என்றார் ராஜா. "முடிவில் தேன் போல நாக்கில் நிற்கிறதே, இது யார் செய்தது?"

"தேன் மாதிரின்னா அது எயினியோடதுதான்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்.

"அப்படியானால் மேற்குச் சரிவு பிழைத்தது! என்னம்மா, உன்னுடையதுதானே? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்."

எயினி வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை. ராஜாவுக்குப் பின்னால் தச்சர்கள் உளியோடு நின்றார்கள். பூதன் தன் கிழக்குச் சரிவை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சேந்தன் முகத்தை மூடிக்கொண்டான்.

"இல்லைங்க மகாராஜா" என்றாள். "இதுல முதல்ல சுண்டி இழுக்கிற புளிப்பு பூதண்ணனோடது. நடுவுல பிடிச்சு நிறுத்துற துவர்ப்பு சேந்தனோடது. கடைசி இனிப்பு மட்டும்தான் என்னோடது. இன்னொண்ணும் சொல்லிடறேன். பூதண்ணன் பீப்பாய் தானா உருளலை. ஆப்பை உருவினது நான்தான்."

பூதன் நிமிர்ந்தான். "நீயா? அடிப்பாவி, நான் சேந்தனோடதை உருவினேன்!"

"என்னது!" என்று குதித்தான் சேந்தன். "நான் எயினியோடதை இல்ல உருவினேன்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் எயினிக்கு உதடு துடித்தது. பூதனுக்குத் தொந்தி குலுங்கியது. சேந்தன் தரையில் உட்கார்ந்தேவிட்டான். ராஜா சிரித்த சிரிப்பில் மலையுச்சியில் இருந்த பனி கொஞ்சம் சரிந்தது.

"தச்சரே, உளியை உள்ளே வையும்" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்தபடி. "ஒரு சரிவை உடைத்தாலும் இந்தத் தேறல் போய்விடும். கோட்டையைச் செங்கல்லில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆப்பை உருவியதற்குத் தண்டனை உண்டு. இனி மூன்று சரிவின் திராட்சையையும் ஒரே தொட்டியில் போட்டு, மூவரும் கைகோத்துக்கொண்டு மிதிக்கவேண்டும்!"

அடுத்த அறுவடையில் அப்படியே நடந்தது. ஒருவர் வழுக்கினால் மூவரும் விழுந்தார்கள். ஒருவர் எழுந்தால் மூவரும் எழுந்தார்கள். தலைமுதல் கால்வரை ஊதா நிறமாகி அவர்கள் போட்ட கூச்சலில் சாய்மலை முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவரை உருட்டிவிட்டு உயரப் பார்ப்பவர் தாமும் சேர்ந்தே உருளுவார், செய்ததை ஒளிக்காமல் சொல்பவரோ தம்மோடு மற்றவரையும் தூக்கி நிறுத்துவார்.