தறிக்காரத் தெருவுக்கு வெளிச்சம் வந்த கதை

முன்னொரு காலத்தில் என்றால் ரொம்பப் பழைய காலம் இல்லை. ராஜாவும் இருந்தார், கரண்டும் வந்துவிட்டது, அப்படி ஒரு காலம். சின்ன ராஜ்யம். தலைநகரில் ராஜவீதி தொடங்கும் முனையில் ஒரு மின்சாரக் கொட்டகை. அங்கே நிலக்கரியில் ஓடிய ஒரே இயந்திரம்தான் ஊரின் தெருவிளக்குகள் அத்தனைக்கும் உயிர்.

ஒரு நாள் ராஜா அரண்மனை மாடியில் நின்று பார்த்தார். "ராஜவீதி முத்துமாலைபோல ஜொலிக்க வேண்டும்" என்றார். அந்த வீதியில் விளக்குகளை இரட்டிப்பாக்கினார்கள். இயந்திரம் திணறியது. ஊர் முழுக்க வெளிச்சம் மங்கியது.

திவான் நரசிங்கராயர் கைகட்டிச் சொன்னார்: "பிரபு, கரிச் செலவு ஏறாமல் இதைச் சரிசெய்யலாம். தறிக்காரத் தெரு விளக்குகளை அணைத்துவிடுவோம். நெசவாளிகள் குடியிருக்கும் இடம். அங்கே வெளிச்சம் போட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?"

"சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!" என்றார் ராஜா.

அந்தத் தெருவுக்குப் பிரசவம் பார்ப்பவள் பேச்சாயி. மாசிலாமணி என்ற நெசவாளியின் மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று சேதி வந்ததும், பொழுது சாய்ந்த இருட்டில் தனியாக ஓடினாள். சாக்கடைக்காகத் தோண்டி மூடாமல் விட்டிருந்த பள்ளம் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் வந்துவிடுவாள் என்று காத்திருந்த வீட்டில் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது.

மறுநாள் சபைக்கு விகடகவி அம்பலவாணன் தலைப்பாகை இல்லாமல் வந்தான். அவனும் அந்தத் தெருவில் பிறந்தவன்தான். அவன் பிறந்தபோது முதலில் ஏந்தியதும் பேச்சாயியின் கைகள்தான்.

"என்ன அம்பலவாணா, இன்று சிரிக்க ஏதும் இல்லையா?"

"இல்லை பிரபு. இரண்டு பேரைப் புதைத்துவிட்டு வருகிறேன். அந்தத் தெருவுக்கு விளக்கைத் திருப்பித் தாருங்கள்."

ராஜாவின் முகம் கறுத்தது. அம்பலவாணனைக் கண்டாலே ஆகாத திவான், அந்த நேரம் பார்த்துக் குறுக்கே வந்தார். "பிரபு, நியாயமாகவே ஓர் ஆணை இடுவோம். ஆள் நடக்கும் தெருவில் மட்டும் விளக்கு எரியட்டும். ஆள் நடக்காத தெருவில் எரியக் கூடாது. பொறுப்பை இவனிடமே விடுவோம். தவறினால் தலை போகும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அம்பலவாணன் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டான்.

திவான் அத்துடன் விடவில்லை. சாயங்காலத்துக்குள் இன்னோர் உத்தரவு போனது. பொழுது சாய்ந்தபின் தறிக்காரத் தெருவில் யாரும் வெளியே வரக் கூடாது. பார்த்துக்கொள்ளச் சேவகர்களை அனுப்பினார். கதவுகள் எல்லாம் சாத்திக்கொண்டன.

அன்று மாலை ராஜாவும் திவானும் ஒரே சாரட்டில் கோயிலிலிருந்து திரும்பினார்கள். ராஜவீதி மையிருட்டாகக் கிடந்தது. தூரத்தில் தறிக்காரத் தெரு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ராஜா வாயைத் திறப்பதற்குள் சக்கரம் ஒரு கல்லில் ஏறி, அச்சு முறிந்து, சாரட்டு சாய்ந்தது. திவான் உருண்டு விழுந்தார். முனகிக்கொண்டே எழுந்து ஓர் அடி எடுத்து வைத்தார்.

ராஜவீதி விளக்குகள் எரிந்தன.

சாரட்டு சாய்ந்த இடத்துக்கு எதிரே, மின்சாரக் கொட்டகை வாசலில் சுவிட்சுக்குப் பக்கத்தில் அம்பலவாணன் நின்றான்.

"இவனைப் பிடியுங்கள்!" என்று கத்தினார் திவான். "ஆணையை மீறிவிட்டான்!"

"எங்கே மீறினேன், திவான் அவர்களே? ராஜவீதியில் எல்லோரும் வண்டியில்தான் போகிறார்கள். ஆள் நடக்கவில்லை, அணைத்தேன். இப்போது தாங்கள் நடந்தீர்கள், போட்டேன்."

"தறிக்காரத் தெருவில் ஒரு பூனைகூட நடக்கவில்லையே! அங்கே ஏன் எரிகிறது?"

"யாரும் நடக்கவில்லை என்று பார்க்கத் தாங்கள் அனுப்பிய சேவகர்கள், தெருக்கோடிக்கும் முனைக்குமாக நடக்கிறார்களே. அவர்கள் ஆள் இல்லையா?"

ராஜா திவானைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சாய்ந்த சாரட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பிழைத்தாய் அம்பலவாணா! என்ன வேண்டும், கேள்!"

"தறிக்காரத் தெருவரைக்கும் என்னோடு நடந்து வாருங்கள், பிரபு."

இப்படிப்பட்ட கதைகள் எல்லாம் ராஜா சிரித்தார், பொன் கொடுத்தார் என்று முடியும். ராஜா சிரித்தது நிஜம். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நடந்தபடியே அவனிடம் கொடுத்ததும் நிஜம். ராஜவீதியில் கூட்டிய விளக்குகளைக் கழற்றிவிடவும், சேவகர்களைத் திருப்பி அழைக்கவும் வழியிலேயே உத்தரவிட்டார்.

மாசிலாமணியின் வீட்டு வாசலில் அம்பலவாணன் நின்று கூப்பிட்டான். குரல் கேட்டுக் கதவு திறந்தது. சாரட்டில் மட்டுமே பார்த்திருந்த ராஜா வேட்டியில் மண்ணோடு வாசலில் நின்றபோது, மாசிலாமணிக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாருங்க?"

ராஜா சிரிப்பு மாறாமல் கேட்டார்: "தெருவுக்கு வெளிச்சம் வந்துவிட்டதே, இப்போது சந்தோஷம்தானே?"

மாசிலாமணி தெருவைப் பார்த்தான். பிறகு உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனைவியைப் பார்த்தான்.

"வெளிச்சம் அவ கண்ணுல படுது சாமி. நேத்துலேர்ந்து அவ தூங்கல. கதவச் சாத்திக்கிறேன்" என்றான்.

ராஜா அதன்பின் அன்று சிரிக்கவில்லை.