உடும்பின் நாக்கும் கத்தரி இலையும்

அந்தக் காலத்தில் உடும்பு வாயைத் திறந்தால் பேச்சு வரும், இப்போது மாதிரி வெறும் சீறல் வராது. நாக்கும் நம்முடையதைப் போலத்தான், பிளவில்லாத ஒரே நாக்கு.

சிலம்பாயி என்பவளின் கத்தரித் தோட்டத்துக்கு ஓர் உடும்புதான் காவல். எலியோ பாம்போ அதைத் தாண்டி உள்ளே வர முடியாது. கூலியாக, வரப்போரத்துப் புற்றில் குடியிருக்கலாம், வாய்க்காலில் தண்ணீர் குடிக்கலாம். கல்லும் முள்ளுமான அந்த ஊரில் அப்படியொரு நிழல் வேறெங்கே கிடைக்கும்? உடும்புக்கு அந்தத் தோட்டம்தான் உயிர்.

ஒருநாள் வேலியோரத்தில் மெல்லிய குரல் கேட்டது. குனிந்து பார்த்தால், செம்பேன். செடியில் ஒட்டி வாழுமே, அந்தச் சிவப்புப் பூச்சி. கடுகில் பாதிகூட இல்லை.

"அண்ணே, பசிக்குது. ஒரே ஒரு இலையில ஒண்டிக்கிறேன். உங்க கால்நகம் அளவுகூட நான் இல்லையே!"

உடும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட போடா பொடியா! நீ தின்னா என்ன குறைஞ்சிடப் போவுது? ஏறிக்க" என்று முதுகில் ஏற்றிக்கொண்டு போய்த் தானே ஒரு கத்தரி இலையில் இறக்கிவிட்டது. ஆளை அளந்து பார்த்ததே தவிர, யோசித்துப் பார்க்கவில்லை.

பொடியன் பெருகினான். பிள்ளையும் பேரனுமாக இலைகளுக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சினார்கள். காய் பிடிக்கிற நேரத்தில் தோட்டம் மொத்தமும் வெளுத்துச் சருகானது.

சிலம்பாயி வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அடப்பாவி! உன்னை நம்பிக் காவல் வெச்சேனே! ராத்திரியெல்லாம் நக்கி நக்கிச் சாறெடுத்துட்டியே!"

"நானில்ல ஆத்தா, செம்பேன்."

அவள் இலைகளின் மேற்புறத்தைப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. "கண்ணுல படாத பொடிசு தின்னா என்ன குறைஞ்சிடப் போவுது? புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

தான் சொன்ன அதே பேச்சு! உடும்பு, "நான்தான் ஆத்தா அதை உள்ளே..." என்று ஆரம்பித்தது. முடிப்பதற்குள் அவள் கை அரிவாள் அதன் நாக்கில் விழுந்துவிட்டது.

ரத்தம் ஒழுக, உடும்பு வேலியைத் தாண்டி ஓடியது. ஆத்திரம் அடங்காத சிலம்பாயி ஒரு செடியைப் பிடுங்கி எறிந்தாள். அது தலைகீழாக விழுந்தது. இலைகளின் அடியில் செம்பொடி தூவினாற்போல் இருந்தது. அவள் உற்றுப் பார்த்தாள். பொடி நகர்ந்தது.

"ஐயோ, தெரியாம செஞ்சிட்டேனே! வந்துடு சாமி!" என்று பொழுது சாயும்வரை வேலியோரம் நின்று கூப்பிட்டாள். புதருக்குள்ளிருந்து சீறல்தான் வந்தது. பிளந்த நாக்கால் வேறு பதில் சொல்ல முடியுமா?

அன்று முதல்தான் உடும்பின் நாக்கு இரண்டாய்ப் பிளந்திருக்கிறது, போகிற வழியெல்லாம் அதை நீட்டி நீட்டி அந்தப் பொடியனைத் தேடுகிறது. கத்தரி போட்டவர்களும் இலை வெளுத்தால், யார்மேலும் பழி சொல்வதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.