நூலில் பார்த்த நாடி

கூவைமலை ராஜா திருவேங்கட பூபதிக்கு ஒரு பழக்கம். படித்தவர் எது சொன்னாலும் நம்பிவிடுவார். அடுத்த படித்தவர் வந்து வேறு சொல்லும்வரை அதிலேயே நிற்பார். அந்த வாரம் முழுக்க அரண்மனை வைத்தியர் ஏகாம்பரப் பண்டிதர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

பட்டத்து யானை நீலமேகத்தின் பாகன் மாயன் காய்ச்சலில் இறந்து நாலு மாதமாகிறது. அன்றிலிருந்து யானையைப் பார்த்துக்கொண்டவள் அவன் மனைவி ஒச்சாயி. யானையும் அவளிடம்தான் சாப்பிட்டது. இப்போது தேர்த்திருநாள் வருகிறது. ராஜா அம்பாரியில் ஏறவேண்டும். பாகன் வேலையைத் தன் மைத்துனன் நல்லதம்பிக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று பண்டிதர் துடித்தார். நல்லதம்பிக்கும் யானைக்கும் உள்ள உறவு, ஒருமுறை தூரத்திலிருந்து கரும்பு எறிந்ததுதான்.

"மகாராஜா, இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. உடம்பின் சட்டம்," என்றார் பண்டிதர். "ஆண் உடம்பில் உஷ்ணம். ஆகவே துணிவு. பெண் உடம்பில் குளிர்ச்சி. ஆகவே அச்சம். ஒச்சாயி நல்லவள்தான். ஆனால் யானை மிரண்டால் அவளும் மிரளுவாள்."

சபையில் ஓலை வாசிக்கும் கோனேரிக்குப் பொறுக்கவில்லை.

"பண்டிதரே, இந்தச் சட்டம் யானைக்கும் உண்டா?"

"உண்டு. ஆண் யானைக்கு மதநீர் சுரக்கிறதே, அதுவே உஷ்ணம்."

"சுரந்தால் என்ன செய்வோம்?"

"சங்கிலி போட்டுக் கட்டுவோம்."

"காட்டில் கூட்டத்தை நடத்திப் போவது எது?"

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "வயதான பெண் யானை."

"உஷ்ணம் உள்ளதைக் கட்டிப்போடுகிறோம். குளிர்ச்சி உள்ளது வழி காட்டுகிறது. சரி, மேலே சொல்லுங்கள்."

ராஜாவின் மீசை லேசாக ஆடியது. ஆனால் பண்டிதர் படித்தவர் ஆயிற்றே. "கோனேரி, வாய்ப்பேச்சு வேண்டாம்," என்றார் ராஜா. "துணிவு ஆண் உடம்பில் இருக்கிறதா, பெண் உடம்பில் இருக்கிறதா? நாளைக்குள் எனக்குக் காட்டு. காட்டாவிட்டால் ஒச்சாயிக்கு அந்த வேலை இல்லை. உனக்கு இந்த வேலை இல்லை."

துணிவை எந்த உறுப்பில் போய்த் தேடுவது? கோனேரி யானைக் கொட்டாரத்துக்குப் போனான். ஒச்சாயி நீலமேகத்தின் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காக ஏஞ் சாமி உங்க வேலையையும் சேத்துப் பணயம் வச்சீங்க?"

"வாய் முந்திவிட்டது, அம்மா."

"எம் புருஷனும் இப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த காதுக்குப் போனாள்.

கோனேரி ராத்திரி முழுக்க யோசித்தான். பண்டிதர் ராணிமாரின் கையைத் தொடக்கூடாது. அதனால் மணிக்கட்டில் நூலைக் கட்டி, திரைக்கு வெளியே நுனியைப் பிடித்தே நாடி பார்ப்பார். அந்தப் பெருமையை ஊரெல்லாம் சொல்லுவார். கோனேரிக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் கொட்டார முற்றத்தில் திரை கட்டினார்கள். வெளியே பண்டிதரும் நல்லதம்பியும் சபையும். உள்ளே யார் யார் என்று பண்டிதருக்குச் சொல்லவில்லை. உள்ளே ஒச்சாயி, தளவாய் பெத்தணன், மேற்பார்வைக்கு ராஜா. அவர்களுக்குப் பின்னால் நீலமேகம், சங்கிலி இல்லாமல். கோனேரி உள்ளே போய் ஒச்சாயிக்கு ஒரு நூல் கட்டினான், தளவாய்க்கு ஒன்று. மூன்றாவதை ராஜாவிடம் நீட்டினான்.

"எனக்கெதற்கு?"

"நியாயம் சொல்பவரும் சோதனையில் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மகாராஜா."

ராஜா கையை நீட்டினார். கண் மட்டும் பின்னால் இருந்த யானையை விட்டு நகரவில்லை.

கோனேரி வெளியே வந்தான். "நாடி உடம்பின் கண்ணாடி என்பீர்களே, பண்டிதரே. ஆண் யார், பெண் யார், துணிந்தவர் யார், சொல்லுங்கள்."

"இது பிள்ளை விளையாட்டு. எந்தக் கையில் கட்டியிருக்கிறாய்? ஆணுக்கு வலக்கை பார்க்கவேண்டும், பெண்ணுக்கு இடக்கை."

"ஆணா பெண்ணா என்று நான் முதலில் சொல்லவேண்டுமா?"

"சொன்னால்தானே பார்க்க முடியும்!"

"சொல்லிவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?"

சபையில் யாரோ இருமினார்கள். பண்டிதர் முகம் சிவந்து முதல் நூலைப் பிடித்தார். வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"ஆண். நாடி அன்னம்போல நிதானமாக நடக்கிறது. இடி விழுந்தாலும் இமைக்கமாட்டான். யானை ஏறவே பிறந்தவன்."

இரண்டாவது நூல். "இதுவும் ஆண். காலையில் பலாப்பழம் அதிகம்."

திரைக்குள்ளிருந்து தளவாய் ஏப்பம் விட்டார். பண்டிதர் வித்தை தெரியாதவர் இல்லை.

அந்த நேரம் பார்த்து நீலமேகம் துதிக்கையை நீட்டி ராஜாவின் தலைப்பாகையை முகர்ந்தது. பண்டிதர் மூன்றாவது நூலைப் பிடித்தார். பிடித்ததும் புன்னகைத்தார்.

"பெண்! சந்தேகமே இல்லை. தவளைபோலத் தத்துகிறது. அந்தப்புரத்தை விட்டு வெளியே வராதவள். கரப்பான் பூச்சி பறந்தாலும் அலறுவாள். இப்படிப்பட்டவளிடம் யானை என்ன, ஆட்டுக்குட்டியைக்கூட ஒப்படைக்கலாகாது."

கோனேரி திரையை விலக்கினான்.

முதல் நூலின் முனையில் ஒச்சாயி. மூன்றாவது நூலின் முனையில் ராஜா, தோளில் துதிக்கையோடு, சிலைபோல உட்கார்ந்திருந்தார்.

பண்டிதரின் கையிலிருந்து நூல் நழுவியது.

"ம-மகாராஜா... யானை அவ்வளவு பக்கத்தில் நின்றால் யாருக்கும் நாடி அப்படித்தான் துடிக்கும்..."

"ஆண், பெண் யாருக்கும்?" என்றான் கோனேரி.

"யாருக்கும்."

"பக்கத்தில் இருந்த ஒச்சாயிக்குத் துடிக்கவில்லையே?"

"அவள்... பழகியவள்."

"அவ்வளவுதான், மகாராஜா. உடம்பு வேறுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துணிவை ஆண் உடம்பிலும் தேடவேண்டாம், பெண் உடம்பிலும் தேடவேண்டாம். பழக்கத்தில் இருக்கிறது. பண்டிதரே சொல்லிவிட்டார்."

ஒச்சாயி நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தாள். துதிக்கை விலகியது. ராஜா மெல்ல எழுந்து தலைப்பாகையைச் சரிசெய்தார். ஒச்சாயிக்கு வேலை உறுதியாயிற்று, பட்டுச்சேலையும் வந்தது. கோனேரிக்கு ஒரு சால்வை.

பிறகு ராஜா பண்டிதர் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"பண்டிதரே, நாளை மறுநாள் நான் அம்பாரியில் ஏறவேண்டும். என் நாடியைப் பார்த்தீர். ஏறலாமா?"

பண்டிதர் மைத்துனனைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். கடைசியில் ஒச்சாயியைப் பார்த்தார்.

"தாராளமாக ஏறலாம், மகாராஜா. முதல் நூல்காரன் ஓட்டினால்."

ராஜா சிரித்த சிரிப்பில் பக்கத்து லாயத்துக் குதிரைகள் எல்லாம் மிரண்டன. நீலமேகம் மட்டும் மிரளவில்லை.