பொத்தலைப் படம் பிடித்த மூவர்

குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்க்கிற ஊர்களில் வீடு ஒழுகுவது ஒரு சங்கதியே இல்லை. ஓட்டு வீடென்றால் ஆனி, ஆடியில் ஒழுகத்தான் செய்யும். ஆனால் புளியங்கண்டியில் கொம்பையா வீடு ஒழுகின மாதிரி எந்த வீடும் ஒழுகினதில்லை. கேளுங்கள்.

கொம்பையா மூத்தவர். அடுத்தவன் பலவேசம். கடைசி அணஞ்சபெருமாள். அவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் எதற்குக் கூப்பிட்டோம் என்பது அண்ணன்மாருக்கு மறந்துபோவதால், சுருக்கமாக அணஞ்சி. மூவரும் சேர்ந்து மாவு மில் வைத்திருந்தார்கள். தங்கமான மனுஷர்கள். ஒரு பொய் சொல்லமாட்டார்கள். பொய் சொல்லவும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறதே.

யோசிக்கிற வேலையை அந்த வீட்டில் செண்பகவல்லி பார்த்துக்கொண்டாள். கொம்பையாவின் பெண்சாதி.

அடுப்புக்கு நேர் மேலே ஒரு ஓடு கீறல் விட்டிருந்தது. முடி நுழைகிற அளவு கீறல்தான். அது வழியாக அரை நிமிஷத்துக்கு ஒரு சொட்டு, கடிகாரம் தோற்றுப்போகும், தோசைக்கல்லின் நட்டநடுவில் விழும். 'சுர்' என்று ஒரு சத்தம். ஊற்றின மாவில் காசு அளவுக்கு ஒரு பொத்தல். இருபது நாளாக அந்த வீட்டில் சுட்ட தோசைக்கெல்லாம் நடுவில் பொத்தல்.

"எனக்கு இப்படித்தான் பிடிச்சிருக்கு மைனி. விரல விட்டுத் தூக்க வசதியா இருக்கு" என்றான் அணஞ்சி.

செண்பகவல்லி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். உள்ளே போய் நாலு சேலையைப் பையில் வைத்தாள்.

"ஓடு மாத்த ஆளு கூப்பிடுங்கன்னு இருபது நாளாச் சொல்லுதேன். காதுல விழுந்தாத்தான? நான் ஆலங்குளத்துக்கு எங்க அம்மை வீட்டுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸுக்கு வருவேன். ஒழுகல் நின்னிருந்தா இருப்பேன். ஒரு சொட்டு விழுந்தாலும் சரி, அந்த பஸ்ஸு அரை மணி நேரத்துல திரும்பும்லா, அதுலயே போயிருவேன். அப்புறம் மூணு பேரும் மாவக் கரைச்சுக் குடிங்க."

அன்றைக்குத் திங்கள்கிழமை. சாயங்காலம் மூவரும் பன்னும் வாழைப்பழமும் தின்றார்கள். செவ்வாய்க்கிழமை காலையிலும் பன்னும் வாழைப்பழமும் தின்றார்கள். கொம்பையா பன்னின் நடுவில் விரலால் ஒரு பொத்தல் போட்டுப் பார்த்தார். செண்பகம் ஞாபகம் அதிகமானதுதான் மிச்சம்.

"இதுக்கெல்லாம் இப்ப போன்லயே ஆளு கிடைக்கும்" என்று மில்லுக்கு வந்த ஒருவர் சொன்னார். "ஆளு ரெடின்னு ஒரு ஆப் இருக்கு. உங்க வீட்டுல என்ன ரிப்பேருன்னு போட்டா, பக்கத்துல இருக்கிற வேலைக்காரனா பார்த்து அதுவே சேர்த்துவிடும். அது சொல்லுதபடி மட்டும் செய்யுங்க, போதும்."

அது சொல்லுகிறபடி செய்ய வேண்டும். இதை மூவரும் மனசில் ஆணி அடித்த மாதிரி பதித்துக்கொண்டார்கள்.

பலவேசத்திடம்தான் போன் இருந்தது. அவன் எழுந்து நின்று, அண்ணனும் தம்பியும் கைகட்டிக் கேட்க, வாசித்தான்: "குறையை அருகில் இருந்து தெளிவாகப் படம் எடுத்து அனுப்பவும்."

கொம்பையா அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். சொட்டு விழுந்தது. "எடு" என்றார்.

"அவசரப்படாதிய அண்ணே. அது குறை இல்ல, தண்ணி. தண்ணி மேல நமக்கென்ன கோவம்? வந்த வழிதான் குறை" என்றான் பலவேசம்.

"அப்ப கீறலை எடு."

"கீறல்ல என்ன இருக்கு?" என்றான் அணஞ்சி.

"ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாததுனாலதான ஒழுகுது?" என்றார் கொம்பையா.

"ஒண்ணும் இல்லாதத எப்படி அண்ணே படம் எடுக்க?"

மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். மில் ஓடவில்லை. மத்தியானம் வரைக்கும் அதே யோசனை. கடைசியில் பலவேசத்துக்கு வெளிச்சம் வந்தது. கீறலுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒன்று இருந்தால், அது தெரிகிற இடம்தானே கீறல்? கீழே கொம்பையா மல்லாந்து படுத்துக்கொள்வது, மேலே பலவேசம் கூரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கீறல் வழியாக அவர் முகத்தைப் படம் எடுப்பது. முகம் தெரிந்தால் அங்கே ஓடு இல்லை என்று அர்த்தம்.

அடுப்பை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் கொம்பையா படுத்தார். பலவேசம் ஏணியில் ஏறிப் பார்த்தான். கீறலில் முகம் தெரியவில்லை. தெளிவாக எடுக்க வேண்டும் என்றல்லவா சொல்லியிருக்கிறது? அதனால் ஓடு முழுவதையும் உருவி அணஞ்சி கையில் கொடுத்தான். அது ஏணியில் இறங்குகிற வழியில் சுவரில் மோதி இரண்டாகப் போனது.

இப்போது கூரையில் ஒரு தாம்பாளம் நுழைகிற பொத்தல். அதற்குள்ளே, வாயைத் திறந்தபடி, கொம்பையாவின் முகம். அருமையான படம். அனுப்பினார்கள்.

உடனே பதில் வந்தது. "நன்றி. வியாழன் காலை ஆட்கள் வருவார்கள். அதுவரை குறை உள்ள இடத்தை அப்படியே வைத்திருக்கவும். எதையும் மாற்ற வேண்டாம்."

"எந்திரிச்சிராதிய அண்ணே!" என்று கூரையிலிருந்து கத்தினான் பலவேசம்.

கொம்பையா எழுந்திருக்கவில்லை. பன்னைப் படுத்தபடியே தின்றார். புதன்கிழமை சாரல் நின்று பளிச்சென்று வெயில் அடித்தது. அணஞ்சிக்குக் கை கால் ஓடவில்லை.

"அண்ணே, ஒழுகல் நின்னுட்டே! மாத்தக்கூடாதுன்னுல்லா சொல்லியிருக்கு?"

"நான் மாத்தலியே. வானம்தான் மாத்திட்டு" என்றார் கொம்பையா, தரையிலிருந்து.

"வானத்துக்கிட்ட போன் இல்ல. நம்மகிட்ட இருக்கு. நாமதான் பொறுப்பு" என்றான் பலவேசம்.

ஆகவே பலவேசம் கூரை மேல் ஒரு குடத்தோடு உட்கார்ந்து, அரை நிமிஷத்துக்கு ஒரு கை தண்ணீர் அள்ளி உள்ளே விட்டான். அணஞ்சி கீழிருந்து குடம் குடமாகச் சுமந்து கொடுத்தான். கொம்பையா மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. படத்தில் மூக்கு திறந்துதான் இருந்தது.

வியாழன் காலை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கடையத்துக் கொத்தனார். ஒருவர் கூரை வேலை காண்டிராக்டர், சட்டைப்பையில் இரண்டு பேனா. மூன்றாமவர் ஞானமுத்து. நாற்பது வருஷமாக ஓடு மாற்றுகிறவர். தோளில் ஒரு சாக்கில் நாலு ஓடு.

பலவேசம் போனைப் பார்த்து வாசித்தான்: "குறைந்தது மூன்று பேரை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்வு செய்யவும்."

"அண்ணாச்சிமாரே, கொஞ்சம் வரிசையா நில்லுங்க."

நின்றார்கள். வேலைக்கு வந்த இடத்தில் என்ன செய்ய? அணஞ்சி ஒரு குச்சியால் உயரம் அளந்தான். பலவேசம் காதுகளை ஒப்பிட்டான். கொத்தனாருக்கு மீசை உண்டு, காண்டிராக்டருக்கு இல்லை, ஞானமுத்துவுக்குப் பாதி நரைத்திருந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். "பல்லக் காட்டுங்க" என்றதும் காண்டிராக்டர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"போச்சு, ரெண்டு பேராகிட்டாங்க" என்றான் அணஞ்சி. "மூணு பேருல்லா வேணும்?"

"நீ நில்லுடே."

அணஞ்சி மூன்றாவது ஆளாக நின்றான். மறுபடியும் அளந்தார்கள். உயரத்தில் அணஞ்சி முதல். பல் முப்பத்திரண்டும் இருந்தது. வீடும் பக்கம். பலவேசம் நெடுநேரம் யோசித்துவிட்டுத் தம்பி தோளில் கையை வைத்தான்.

"உன்னத்தான் எடுத்திருக்கு."

"எனக்கு ஓடு மாத்தத் தெரியாதே அண்ணே!"

"அது ஒப்பிட்டதுல வரல."

கொத்தனார் வானத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. அவரும் போனார். ஞானமுத்து மட்டும் போகவில்லை. அந்தப் படம் வந்ததிலிருந்து அவருக்கு ஒரு சந்தேகம்.

"குறைன்னு ஒரு முகத்த அனுப்பியிருந்தியளே, அந்த முகத்துக்கு என்ன குறை?"

"அது எங்க அண்ணன். உள்ள படுத்திருக்காரு. பாக்கியளா?"

ஞானமுத்து உள்ளே போய்க் கொம்பையாவைப் பார்த்தார். கொம்பையா படுத்தபடியே கும்பிட்டார். ஞானமுத்து மேலே பார்த்தார். ஆகாயம் தெரிந்தது. ஏணியில் ஏறினார், சாக்கிலிருந்து ஒரு ஓட்டை எடுத்துச் செருகினார், இறங்கினார். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சுது. இனிமே ஒழுகாது. ஓட்டைத் தொடாதிய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொம்பையா இரண்டு நாளைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தார். அப்போதே சாரல் பிடித்தது. மூவரும் கூரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு இல்லை. கொம்பையா போனை வாங்கினார்.

"செண்பகம், ஒழுகல் நின்னுட்டு."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். நீ வா."

"சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். கொம்பையா பன் தின்ற கணக்கை ஒன்று விடாமல் சொன்னார். அவர்தான் பொய் சொல்லமாட்டாரே.

வெள்ளிக்கிழமை வீடு பெருக்கினார்கள். மாவு கரைத்து வைத்தார்கள். மூன்றரை மணிக்குப் போன் 'டிங்' என்றது.

பலவேசம் வாசித்தான்: "வேலை முடிந்ததை உறுதிசெய்ய, முதலில் எடுத்த அதே இடத்திலிருந்து, அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பவும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் எடுத்த இடம், கூரை. கோணம், மேலிருந்து கீழே. பலவேசம் ஏறிப் படுத்தான். ஓடுதான் தெரிந்தது.

"அண்ணே, உங்க முகம் தெரியல!"

"நான் சரியாத்தான் படுத்திருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வாயும் திறந்துதான் இருக்கு."

"நடுவுல ஓடு மறைக்குது."

"அந்த அண்ணாச்சி தொடக்கூடாதுன்னாரே" என்றான் அணஞ்சி.

"அண்ணாச்சிய அனுப்புனது யாரு? ஆப்பு. அப்ப ஆப்பு பெருசா, அண்ணாச்சி பெருசா?"

ஓட்டை உருவினார்கள். இந்தத் தடவை உடைக்கவில்லை. அணஞ்சி கூரையிலேயே அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டான். சாரல் வலுத்தது. பலவேசம் படம் எடுக்கக் குனிந்தான். அப்போதுதான் நாலு மணி பஸ் வந்தது.

செண்பகவல்லி பையோடு அடுப்படிக்குள் வந்தாள். அடுப்பு மூலையில் கிடந்தது. அடுப்பு இருந்த இடத்தில் புருஷன் கிடந்தார். நெற்றியில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"என்ன செய்யுதிய?"

"ஒழுகல் நின்னதப் படம் எடுக்கோம் செண்பகம்."

அவள் மேலே பார்த்தாள். சாரல் அவள் முகத்திலும் அடித்தது.

"மைனி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் பலவேசம் மேலிருந்து. "முதல் படத்துல நீங்க இல்ல."

அவள் திரும்பி வாசலுக்கு நடந்தாள். கொம்பையாவுக்கு ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் படம் இன்னும் எடுத்தாகவில்லை. எழுந்திருக்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"போயிராத. நேத்து ராத்திரி முழுக்க ஒழுகல. பொய் சொல்லுதேனா நான்?"

பொய் சொல்லமாட்டார். அது அவளுக்குத் தெரியும். பாவம், அதுதான் அவளுடைய தொந்தரவே. வாசலுக்கு எதிரே பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு நிமிஷம் பஸ்ஸைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் ஏணியைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, அணஞ்சி மடியிலிருந்து ஓட்டைப் பிடுங்கி, இருந்த இடத்தில் செருகினாள்.

"ஒழுகுதா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"இல்ல!" என்றது கூரைக்குக் கீழிருந்து.

"படம் எடுத்தாச்சா?"

"நீங்க ஏறுததுக்குள்ள எடுத்தாச்சு மைனி."

"எறங்குங்க எல்லாரும்."

அன்றைக்கு அவள் தோசை வார்த்தாள். நடுவில் பொத்தல் இல்லாத முழுத் தோசை. அணஞ்சி அதை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொம்பையா பன்னிரண்டு தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, கூரையிலிருந்து அல்ல.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் போன் மறுபடி 'டிங்' என்றது. "வேலையைச் செய்து முடித்தவர் யார் என்று உறுதிப்படுத்தவும்."

பலவேசம் ஞானமுத்து பெயரை அமுக்கப் போனான். கொம்பையா கையைப் பிடித்தார்.

"அவரு செஞ்சத நாம உருவிட்டோம்லா? இப்ப மேல இருக்கறது செண்பகம் செஞ்சது."

"மைனி பேரு இதுல இல்லையே."

"சேரு. பொய் சொல்லலாமா?"

அவள் போன் நம்பரைப் போட்டு வேலைக்கு ஆளாகச் சேர்த்தார்கள். சட்டினி அரைத்துக்கொண்டிருந்த செண்பகவல்லி, "என் போன்ல என்னமோ நாலு நம்பர் வந்திருக்கு" என்றாள். "அதச் சொல்லுங்க மைனி" என்றான் பலவேசம். மிக்சி சத்தத்தில் அவளும் சொல்லிவிட்டாள். கூரை வேலை, அனுபவம் ஒரு ஓடு என்று பதிந்தது. ஆனால் முடிந்த வேலைக்கு ஆளை மாற்ற வழியில்லையாம். புதிதாக ஒரு வேலை பதிந்து, அந்த ஆளைப் புதிதாக வரச்சொல்ல வேண்டுமாம். அதையும் செய்தார்கள். "திங்கள் காலை பத்து மணிக்கு உங்கள் பணியாளர் வருவார்" என்று வந்தது. அவள் போனிலும் ஏதோ வந்தது. விளம்பரம் என்று நினைத்து அவள் திறக்கவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, செண்பகவல்லி தோசைக்கல்லில் மாவை ஊற்றி வட்டமாக இழுத்தாள். மேலே ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது.

சுர்.

தோசையின் நட்டநடுவில் காசு அளவுக்கு ஒரு பொத்தல். அவள் மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் தாம்பாளம் அளவுக்கு ஆகாயம். அதைச் சுற்றி மூன்று முகங்கள், மூன்றும் நனைந்து.

"மைனி" என்றான் அணஞ்சி, ஓட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. "வேலைக்கு ஆளு வார நேரம். வந்தா செய்ய வேலை இருக்கணும்லா? வாசல்ல வந்துட்டாங்களான்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"கவலப்படாத செண்பகம்" என்றார் கொம்பையா, மிகுந்த பிரியத்தோடு. "ஆளு ரொம்பப் பக்கத்துல வந்துட்டாங்க. பூஜ்யம் கிலோமீட்டர்னு காட்டுது."