புது இனமாகிப்போன இருபதுகை

தென்துருவக் கடலில், பனிக்கட்டிகளுக்குக் கீழே, வெயில் எட்டாத ஆழத்தில் ஒரு பாறை இருந்தது. அதில் இருபதுகை என்ற இறகு நட்சத்திரம், நட்சத்திர மீனின் உறவுக்காரப் பிராணி, ஒட்டிக்கொண்டு வாழ்ந்தது. கொய்யாக்காய் அளவு உடம்பு, அதைச் சுற்றி இறகு மாதிரி இருபது கைகள். மேலிருந்து விழும் துணுக்குகளைக் கைகளால் பிடித்துத் தின்னும். பாறையடியில் மொழுக்கன் என்ற கடல் அட்டை சேற்றைத் தின்றுகொண்டு கிடக்கும். இரண்டும் நெடுநாள் நண்பர்கள்.

ஒருநாள் மேலே வந்து நின்ற கப்பலிலிருந்து விளக்கு வைத்த இயந்திரம் ஒன்று கீழே இறங்கியது. பாறையைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துவிட்டுப் போய்விட்டது.

கொஞ்ச நாளில் ஒரு சீல் மூச்சடக்கி முங்கி வந்தது.

"இருபதுகை! கப்பலில் உன் பேச்சுத்தான்! உன்னைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். நீ புது இனமாம்!"

தலை என்று ஒன்று இல்லாததால், இருபதுகையின் கர்வம் நேராகக் கைகளுக்கு ஏறியது.

"கேட்டாயா மொழுக்கா? என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!"

"நீ எப்போது தொலைந்துபோனாய்?"

"சேறு தின்னிக்கு என்ன தெரியும்! இனி இந்தப் பக்கம் வராதே. அடுத்த படத்தில் உன் மூஞ்சியும் சேர்ந்து விழுந்துவிடும்!"

மொழுக்கன் மனம் நொந்து விலகிப் போனது. பாறையில் அண்டியிருந்த இறால்களையும் இருபதுகை விரட்டியது. கையை மடக்கினால் அழகு கெடும் என்று சாப்பாட்டைக்கூடக் குறைத்துக்கொண்டது.

மறுபடியும் அந்த இயந்திரத்தின் வெளிச்சம் தெரிந்தது. இறால்கள் பறந்தடித்து ஒளிந்தன. மொழுக்கனுக்கு மனசு கேட்கவில்லை; பாறையடிக்குத் திரும்பி வந்து கத்தியது.

"இந்தத் தடவை அதற்கு இடுக்கி இருக்கிறது! பாறைப் பிளவுக்குள் பதுங்கிக்கொள்!"

"உனக்குப் பொறாமை!" என்றது இருபதுகை. பாறை உச்சிக்கு ஏறி, எல்லாக் கைகளையும் விரித்தது. "இதோ! நான்தான் அது!"

இடுக்கி நீண்டு வந்து பிடித்தது.

"பார்த்தாயா, கைகுலுக்குகிறார்கள்!"

அடுத்த நொடி அது கண்ணாடிக் குடுவைக்குள் கிடந்தது. மூடி விழுந்தது. "மொழுக்கா! மொழுக்கா!" என்ற அலறல் மேலே போகப் போகத் தேய்ந்தது.

கப்பலில் அதைச் சாராயத்தில் ஊறப்போட்டார்கள். குடுவைமேல் ஒரு பெயரையும் ஒட்டினார்கள். அது இருபதுகையின் பெயர் இல்லை. கப்பலை அனுப்பிய பெரிய மனிதரின் பெயர்.

அடுத்தவர் பார்த்து வியந்தால்தான் தனக்கு மதிப்பு என்று நம்புகிறவர், உற்ற நண்பரையும் இழப்பார், உயிரையும் இழப்பார்.